மேல்மலையில் கைபேசியை நம்பி வாழ்வதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பூண்டி, கிளாவரை என்று நீளும் மேல்மலைக் கிராமங்களில் இன்று கைபேசி இல்லாமல் ஒரு பொழுது ஓடுவதில்லை. வடுகபட்டிச் சந்தையில் பூண்டு என்ன விலைக்குப் போகிறது என்பதை வாட்ஸ்அப்பில் கேட்கிறோம். கூலியை ஜிபேயில் போடுகிறோம். பள்ளி அறிவிப்பு, சிலிண்டர் பதிவு, மின்கட்டணம், வங்கி இருப்பு, இரவில் வெளியே போக டார்ச் வெளிச்சம், விடியலில் எழுப்பும் அலாரம் எல்லாம் அந்த ஒரு கருவிக்குள்ளேயே இருக்கின்றன. இதைக் குறை சொல்லிப் பழைய காலத்துக்குத் திரும்பச் சொல்வது இந்த வழிகாட்டியின் நோக்கமல்ல. ஒரு கையெழுத்துக்காகவோ ஒரு விலை விசாரிப்புக்காகவோ மலையிறங்கி ஏறுவதில் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதை அறிந்தவர்கள், கைபேசியை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. முன்பு டார்ச்சுக்குத் தனி பேட்டரி, ரேடியோவுக்குத் தனி பேட்டரி, பணம் பெட்டியில், தொலைபேசி எண்கள் டைரியில் என்று எல்லாம் பிரிந்து கிடந்ததால், ஒன்று கெட்டாலும் மற்றவை ஓடின. இப்போது அத்தனையும் ஒரே பேட்டரியையும் ஒரே கைபேசிக் கோபுரத்தையும் சார்ந்திருக்கின்றன. அதோடு மலையில் கோளாறுகள் தனித்தனியாக வருவதில்லை. சாலையோர மரம் ஒன்று சாய்ந்தால் மின்கம்பியும், அதே கம்பத்தில் கட்டிய, இணையம் கொண்டுவரும் ஃபைபர் கம்பியும் சேர்ந்து அறுகின்றன. மின்சாரம் வராத கோபுரம் தன் பேட்டரி தீரும் வரை தாக்குப்பிடித்து அணைகிறது. சாலையும் அடைபட்டிருப்பதால் டீசல் கொண்டுவரும் வண்டியும் பழுதுபார்க்க வரும் ஊழியரும் மேலே ஏற முடிவதில்லை. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் உள்மாவட்டங்கள் வழியாக இந்த மலைக்கும் வந்து மரங்களைச் சாய்த்தபோது நடந்தது இதுதான். ஆகவே கைபேசி செய்யும் ஒவ்வொரு முக்கிய வேலைக்கும் ஒரு மாற்று வேண்டும். அந்த மாற்றும் அதே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தால் அது மாற்றாகாது. கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த ஒரு கணக்கை வைத்தே எழுதப்பட்டவை. ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன், புரட்டாசிக்குள் இவற்றை முடித்துவிடுவது நல்லது.

முதல் படி: எதற்கெல்லாம் எடுக்கிறோம் என்று எழுதிப் பார்ப்பது

ஒரு வேலைநாள் முழுவதும், கைபேசியை எதற்காகக் கையில் எடுத்தாலும் அதை ஒரு தாளில் எழுதுங்கள். நேரம் பார்த்தது, கணக்குப் போட்டது, மருந்துச் சீட்டின் படத்தைத் திறந்தது போன்றவற்றையும் விடாதீர்கள். இரவில் அந்தத் தாளை எடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் அது எதை நம்பியிருக்கிறது என்று குறியுங்கள்: பேட்டரி மட்டும் போதுமா, கோபுரம் வேண்டுமா, இணையம் வேண்டுமா, ஓடிபி வர வேண்டுமா. பிறகு, இரண்டு நாள் பொறுக்கக்கூடியவை எவை, மாலைக்குள் முடிந்தாக வேண்டியவை எவை என்று பிரியுங்கள்.

பெரும்பாலான வீடுகளில் பொறுக்க முடியாத பட்டியல் சிறியதாகத்தான் இருக்கும். அவசர அழைப்பு, வெளிச்சம், மழை எச்சரிக்கை, அன்றாடச் செலவுக்கான பணம், நோயாளியின் மருந்து விவரம், வெளியே போனவர் எங்கே இருக்கிறார் என்ற செய்தி ஆகிய இவைதான் அதில் மிஞ்சும். சுமை ஏற்றி அனுப்பும் விவசாயிகளுக்கு இன்னொன்று சேரும்: லாரி ஓட்டுநரின் எண்ணும் மண்டிக்காரரின் எண்ணும். இந்தச் சிறிய பட்டியலைத்தான் நாம் காப்பாற்றப் போகிறோம். மற்றவை நின்றால் நிற்கட்டும்.

இரண்டாம் படி: மின்சாரம்

பவர் பேங்க் வாங்கும்போது அட்டையில் உள்ள எண்ணை அப்படியே நம்பக் கூடாது. 10,000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி) என்பது உள்ளிருக்கும் 3.7 வோல்ட் செல்லின் அளவு. அதாவது ஏறக்குறைய 37 வாட்-மணி. 5,000 எம்.ஏ.எச். கைபேசி ஒன்றை நிரப்ப ஏறத்தாழ 19 வாட்-மணி வேண்டும். இரண்டு முறை நிரப்பலாம் என்று தோன்றும். ஆனால் மின்னழுத்தத்தை மாற்றும்போதும் சூடாகவும் கொஞ்சம் வீணாவதால் கைக்குக் கிடைப்பது அதிகபட்சம் ஒன்றரை முறைதான். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இது ஒரு நாளைக்குக்கூடப் போதாது. 20,000 அளவுள்ள ஒன்றை வாங்குவதைவிட 10,000 அளவில் இரண்டு வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. ஒன்று வீட்டில் இருக்கும், மற்றொன்று வெளியே போகிறவர் பையில் இருக்கும். வாங்கும்போது பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் மாதம் ஒருமுறை சார்ஜ் நிலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கங்கள் உப்பிய பவர் பேங்கை ஒருநாளும் சார்ஜில் போடக் கூடாது.

வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் ரவுட்டருக்கென்று ஒரு சிறிய 12 வோல்ட் யு.பி.எஸ். வாங்கி வைப்பது நல்ல செலவு. ரவுட்டர் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு வாட்டுக்குள்தான் எடுக்கும் என்பதால், கைக்கடக்கமான யு.பி.எஸ். கூட மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். மின்வெட்டில் கோபுரம் அணைந்தாலும் ஃபைபர் அறுபடாமல் இருந்தால், வைஃபை காலிங் வசதியை இயக்கி வைத்த கைபேசியிலிருந்து வழக்கமான எண்ணுக்கே பேச முடியும். இந்த வசதி அமைப்புகளுக்குள் அணைந்தே கிடக்கும். இன்றே திறந்து இயக்கி, சிக்னல் இல்லாத அறை ஒன்றில் ஒரு அழைப்புப் போட்டுச் சோதித்துவிடுங்கள்.

பழைய செப்புக் கம்பித் தரைவழித் தொலைபேசிக்கு இந்தக் கவலையே இருந்ததில்லை. 48 வோல்ட் மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே கம்பி வழியாக வந்ததால், ஊரே இருட்டில் கிடந்தாலும் அது மணியடித்தது. அந்த வசதியை நாம் யாரும் கேட்காமலேயே இழந்துவிட்டோம்.

இடியும் மின்னலும் இருக்கும் நேரத்தில் சார்ஜரைப் பிடுங்கி வைப்பதும், போன கரண்ட் திரும்பியவுடன் சொருகாமல் சில நிமிடங்கள் பொறுப்பதும் நம் வீடுகளில் ஏற்கெனவே உள்ள பழக்கங்கள். அவற்றை ரவுட்டருக்கும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

குளிரும் ஈரமும்

இது தனிப் படியல்ல என்றாலும், சமவெளிக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இல்லாத விஷயம் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் அதிகாலையில் தோட்டத்துக்குப் போகும்போது, முப்பது சதவீதம் காட்டிய கைபேசி திடீரென்று அணைந்துபோவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். லித்தியம் அயனி பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகி உள்மின்தடை கூடுவதால், உள்ளே மின்சாரம் இருந்தும் கேட்ட வேகத்தில் தர முடியாமல் அது அணைகிறது. சட்டைப் பையில், ஸ்வெட்டருக்கு உள்ளே உடம்புச் சூட்டில் வைத்திருந்தால் அந்த முப்பது சதவீதமும் பயன்படும். சுழியம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்த கைபேசியைச் சார்ஜில் போடுவது மட்டும் நிரந்தரக் கேடு. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரியின் கொள்ளளவு திரும்ப வராமல் குறைந்துவிடும். இரவு முழுவதும் வண்டியிலோ குடிசையிலோ கிடந்த கைபேசியை வீட்டுக்குள் கொண்டுவந்து, குளிர் விட்ட பிறகே சொருக வேண்டும்.

ஈரமும் அப்படித்தான். மஞ்சு மூடிய வெளியிலிருந்து அடுப்பங்கரைக்குள் வந்தவுடன் குளிர்ந்த கைபேசியின் மேல் நீர் பூப்பது கண்ணுக்குத் தெரியும்; சார்ஜ் சொருகும் துளைக்குள் பூப்பது தெரியாது. துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து மெதுவாகத் தட்டி, காற்றோட்டத்தில் அரை மணி நேரம் வைத்தால் போதும். நனைந்த கைபேசியை அரிசியில் புதைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே தன் பயனர்களை எச்சரித்திருக்கிறது.

மூன்றாம் படி: சிக்னல்

இரண்டு நிறுவனங்களின் சிம் வைத்திருந்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். அது பாதி உண்மை. பல இடங்களில் இரண்டு நிறுவனங்களும் ஒரே கோபுரத்தில் கருவிகளைப் பொருத்தி, ஒரே மின்னிணைப்பையும் ஒரே பேட்டரி அறையையும் பகிர்ந்துகொள்கின்றன. அந்தக் கோபுரம் அணைந்தால் இரண்டு சிம்மும் ஒன்றாகவே செத்துப்போகும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. அடுத்த முறை நீண்ட மின்வெட்டு வரும்போது, இரண்டு சிம்முக்கும் உரிய கோடுகளை மணிக்கொரு முறை பார்த்து நேரத்தோடு குறியுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் மறைந்தால், இரண்டாவது சிம்மை வேறொரு நிறுவனத்துக்கு மாற்ற வேண்டும். அக்கம்பக்கத்தில் யாரிடம் எந்த நிறுவனத்தின் சிக்னல் கடைசி வரை இருந்தது என்று விசாரித்தால் எதற்கு மாற்றுவது என்பதும் தெரிந்துவிடும். எவ்வளவு நேரம் தாங்கியது என்ற கணக்கு இன்னொரு விதத்திலும் உதவும்: கரண்ட் போனதிலிருந்து எத்தனை மணி நேரத்துக்குள் அவசியமான அழைப்புகளை முடித்துக்கொள்ள வேண்டும் என்பதை அது சொல்லிவிடும்.

இரண்டாவது சிம்முக்குக் குறைந்தபட்ச ரீசார்ஜாவது போட்டு, அவ்வப்போது ஓர் அழைப்பு செய்துவர வேண்டும். 90 நாட்கள் பயன்பாடே இல்லாமல், போதிய இருப்பும் இல்லாமல் கிடக்கும் எண்ணை நிறுவனம் முடக்கலாம். முடங்கிய எண் பின்னர் வேறொருவருக்குப் போகும்.

சிக்னல் தேடி அலையும் கைபேசி, கோபுரத்தைக் கண்டுபிடிக்க அலைவரிசைகளை ஓயாமல் துழாவிக்கொண்டே இருப்பதால், சும்மா வைத்திருக்கும்போதே பேட்டரியைத் தின்றுவிடும். கோபுரம் அணைந்துவிட்டது என்று தெரிந்தவுடன் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒற்றைக் கோடு மட்டும் வந்து போகும் இடத்தில், அழைப்பைவிடக் குறுஞ்செய்தி போய்ச்சேர வாய்ப்பு அதிகம். வாட்ஸ்அப் அல்ல, சாதாரண எஸ்.எம்.எஸ். ஊரில் சிக்னல் கிடைக்கும் மேடு எது என்பதைப் பிள்ளைகள் அறிந்திருப்பார்கள். அந்த இடத்தை வீட்டுப் பெரியவர்களுக்கும் காட்டி வையுங்கள்.

அவசர எண் 112-க்கு ஒரு தனிச் சலுகை உண்டு. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், பக்கத்தில் வேறு எந்த நிறுவனத்தின் கோபுரம் எட்டினாலும் அதன் வழியாக அந்த அழைப்பைக் கொண்டுசெல்லக் கைபேசி முயலும். திரையில் அவசர அழைப்பு மட்டும் என்று காட்டும்போது மனம் தளராமல் 112-ஐ அழுத்திப் பார்க்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மின்தடைப் புகாருக்கு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 ஆகியவற்றையும் தாளில் எழுதி வையுங்கள். 108-இல் பேசுகிறவருக்கு நம் மலை தெரிந்திருக்காது என்பதை மனத்தில் வைத்து, ஊராட்சியின் பெயர், பேருந்து நிறுத்தம், அங்கிருந்து எந்தக் கோயிலைத் தாண்டி எந்தப் பக்கம் என்ற வரிசையில் வீட்டு அடையாளத்தை முன்கூட்டியே இரண்டு வரியில் எழுதிவைத்தால், பதற்றத்தில் தடுமாற வேண்டியதில்லை.

மழை எச்சரிக்கைக்கு இரண்டு வழிகளைத் திறந்து வையுங்கள். 2023-இல் நாடு முழுவதும் பலத்த ஒலியோடு சோதித்துப் பார்க்கப்பட்ட செல் பிராட்காஸ்ட் எச்சரிக்கைக்கு இணையம் வேண்டியதில்லை, கோபுரம் இருந்தால் போதும். அது உங்கள் கைபேசியின் அமைப்புகளில் அணைக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கோபுரமும் போன பிறகு மிஞ்சுவது வானொலி. கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் கேட்கிறது. செல் போட்டு ஓடும் சிறிய ரேடியோ ஒன்று வீட்டில் இருப்பது, விலையுயர்ந்த கைபேசி இரண்டு இருப்பதற்குச் சமம் என்று தயங்காமல் சொல்வேன்.

நான்காம் படி: பணம்

பூம்பாறைப் பக்கம் ஒரு தேநீர்க்கடையில் மழை நாளில் பார்த்த காட்சி இது. கண்ணாடி பாட்டிலில் ஒட்டிய கியூஆர் அட்டையின் முன் கைபேசியைப் பிடித்தபடி, திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே ஒருவர் நிற்கிறார். கையில் வாங்கிய பன் பாதி தின்றாகிவிட்டது. "அண்ணே, சுத்திக்கிட்டே இருக்கு" என்கிறார். "வெச்சிட்டுப் போங்க தம்பி, நோட்டுல எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நூல் கட்டித் தொங்கவிட்ட பேனாவை எடுக்கிறார் கடைக்காரர். தெரிந்த முகத்துக்கு இது நடக்கும். மருந்துக்கடையிலும் பெட்ரோல் பங்க்கிலும் நடக்காது.

அதனால் ஒரு வாரச் செலவுக்கு ஆகும் தொகையை, பெரும்பகுதி பத்து, இருபது, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாக வீட்டில் வைத்திருக்க வேண்டும். ஐந்நூறு ரூபாய்த் தாளுக்கு இரண்டாம் நாளே ஊரில் சில்லறை கிடைக்காது. ஏ.டி.எம். இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். அதுவும் மின்சாரத்தையும் இணைப்பையும் நம்பியிருப்பதுதான், அதிலும் பணம் நிரப்பும் வண்டி மலையேறியாக வேண்டும்.

இணையம் மட்டும் இல்லாமல் அழைப்பு மட்டும் கிடைக்கிற நேரத்துக்கு வேறு வழிகள் இருக்கின்றன. *99# என்று அழுத்தினால் வரும் பட்டியலின் வழியாக, சாதாரணப் பட்டன் போனிலிருந்தும் ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அறிமுகப்படுத்திய யுபிஐ 123பே, குரல்வழி அழைப்பின் மூலமே பணம் அனுப்ப உதவுகிறது. இவை எல்லா சிம்மிலும் எல்லா வங்கியிலும் ஒரே மாதிரி ஒழுங்காக இயங்குவதில்லை என்பதால், வெயில் அடிக்கும் நாளில் பத்து ரூபாய் அனுப்பிப் பார்த்து, உங்கள் எண்ணில் எது ஓடுகிறது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சுமை அனுப்பும் விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. விலைபேசி முடித்ததை வாட்ஸ்அப் குரல்பதிவில் மட்டும் விட்டுவைக்காமல், மூட்டை எண்ணிக்கை, எடை, பேசிய விலை, வண்டி எண் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஓட்டுநரிடம் ஒரு படி கொடுத்தனுப்புவது பழைய வழக்கம்தான். வண்டி வத்தலக்குண்டைத் தாண்டும்போது நம் ஊர்க் கோபுரம் அணைந்திருந்தால், மண்டியில் பேசுவதற்கு அந்தச் சீட்டு மட்டுமே இருக்கும்.

ஐந்தாம் படி: ஆவணங்களும் ஓடிபியும்

டிஜிலாக்கரில் இருக்கும் ஓட்டுநர் உரிமமும் வண்டிப் பதிவுச் சான்றும் சட்டப்படி செல்லும். ஆனால் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு, சிக்னல் இல்லாத இடத்தில் அந்தச் செயலியைத் திறக்க முயல்வது வீண்வேலை. அசலையோ அட்டையையோ வண்டியிலேயே வையுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாகியிருக்கிறது. விசேஷத்துக்கு வரும் உறவினரிடம், அதைக் கீழேயே எடுத்து, ஸ்கிரீன்ஷாட்டாகவோ அச்சிட்டோ கொண்டுவரச் சொல்லுங்கள்.

உண்மையான ஆபத்து ஓடிபியில் இருக்கிறது. கைபேசி தொலைந்தால் கைபேசி மட்டும் போவதில்லை. வங்கி, ஆதார், மின்னஞ்சல், வாட்ஸ்அப் என்று எல்லாவற்றின் சாவியும் அந்த ஒரு எண்ணுக்கு வரும் ஆறு இலக்கமாக இருப்பதால், மாற்று சிம் வாங்க நகரத்துக்குப் போய்வரும் வரை நாம் நம் கணக்குகளுக்கே வெளியாளாக நிற்கிறோம். எனவே இன்று செய்ய வேண்டியவை சில. *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது கருவியின் அடையாள எண்ணை எழுதி வையுங்கள். காவல் நிலையப் புகாருக்குப் பின் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்தக் கருவியை முடக்க அது வேண்டும். சிம்முக்கு ஒரு பின் எண்ணும், வாட்ஸ்அப்புக்கு இரட்டைச் சரிபார்ப்பு எண்ணும் போடுங்கள். மின்னஞ்சல் கணக்கு தரும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் வையுங்கள். வங்கிப் பின் எண்ணை மட்டும் எங்கும் எழுத வேண்டாம். பணம் மோசடியாகப் போனது தெரிந்தால் முதல் அழைப்பு இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு.

ஆறாம் படி: வழி

இருப்பிடம் காட்டும் வசதி செயற்கைக்கோள்களிலிருந்து நேரடியாகச் சமிக்ஞை பெறுவதால், கோபுரம் இல்லாமலும் அது இயங்கும். இல்லாமல்போவது வரைபடம்தான். வத்தலக்குண்டு, பழனி, பெரியகுளம் வரையுள்ள பகுதியை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்தால் அந்தக் குறை தீரும். ஆயினும் வழிகாட்டிச் செயலி, தூரத்தையும் நெரிசலையும் வைத்தே பாதை சொல்கிறது. பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் வழியாகப் பெரியகுளத்துக்கு இறங்கும் குறுகிய சாலை மழை இரவில் எப்படி இருக்கும் என்பதும், சற்றுமுன் எந்த வளைவில் மண் சரிந்தது என்பதும் அதற்குத் தெரியாது. அதைக் கடைசியாக இறங்கி வந்த பேருந்து ஓட்டுநரிடம்தான் கேட்க வேண்டும்.

ஏழாம் படி: அட்டையும் ஒத்திகையும்

மீட்புக் குறியீடுகளைத் தவிர, இதுவரை எழுதிய எல்லாவற்றையும் ஒரே கெட்டி அட்டையில், பெரியவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவில், பந்துமுனைப் பேனாவால் எழுதுங்கள். ஜெல் பேனா மை ஈரத்தில் கரையக்கூடும். குடும்பத்தினர் எண்கள் முதலில் வரட்டும். கணவனுக்கு மனைவியின் எண்ணும் மனைவிக்குக் கணவனின் எண்ணும் மனப்பாடமாகத் தெரியாத வீடுகளே இப்போது அதிகம். அடுத்து அவசர எண்கள், வீட்டு அடையாளம் சொல்லும் இரண்டு வரி, நோயாளியின் மருந்துப் பெயரும் அளவும், மண்டிக்காரர், ஓட்டுநர், மருந்துக்கடை எண்கள். அட்டையைச் சமையலறைக் கதவின் உட்பக்கம் ஒட்டி, அதன் படி ஒன்றைத் தனியாக இருக்கும் பாட்டியின் வீட்டிலும் ஒட்டுங்கள். அவருக்கென்று தொடுதிரை வாங்கித் தருவதைவிட, 4ஜி பட்டன் போனில் 2, 3, 4 எண்களை அழுத்திப் பிடித்தால் பிள்ளைகளுக்குப் போகும்படி அமைத்துத் தருவது பயன்படும்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டு மெயினை அணைத்துவிட்டு, எல்லாக் கைபேசிகளையும் ஏரோப்ளேன் மோடில் போட்டு, மறுநாள் காலை வரை இருந்து பாருங்கள். தீப்பெட்டியும் டார்ச்சும் இருட்டில் கைக்குக் கிடைக்கின்றனவா, ரேடியோவுக்குள் இருக்கும் செல் கசிந்து துருப்பிடித்திருக்கிறதா, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி எந்தச் செல்லில் ஓடுகிறது, காலை நாலரைக்கு யார் எழுப்புவது என்பதெல்லாம் அப்போதுதான் வெளிவரும். அன்று கையில் அகப்படாத ஒவ்வொன்றையும் அட்டையின் பின்பக்கத்தில் எழுதி, அடுத்த முறை கொடைக்கானல் சந்தைக்குப் போகிறவரிடம் அந்தப் பட்டியலைக் கொடுத்தனுப்புங்கள்.